முடிகாணிக்கை

சின்ன வெங்காயத்தை நசுக்கித் தேய்த்தால் புழுவெட்டு ஓடிப்போகும் என்பதில் சுசீலாவுக்குச் சந்தேகமே கிடையாது. போர்ட் பிளேரில் சின்ன வெங்காயம் நினைத்தபோது கிடைக்கிற சரக்கல்ல. சென்னைக் கப்பல் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அப்படி வந்ததைச் சாம்பாருக்குக்கூடப் போடாமல் ஒதுக்கி வைத்து, மகள் சங்கவியின் உச்சந்தலையில் வழுக்கை விழுந்திருந்த இடத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தேய்ப்பாள். பிள்ளை எரிச்சல் தாங்காமல் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும். மரைன் ஹில் மலைமேல் அவர்கள் இருந்த குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்க வெங்காய வாசனை அடிக்கும். முடி மட்டும் வளரவில்லை.

ஒருநாள் கட்டிலை இழுத்துப்போட்டுப் பெருக்கும்போது சுவரோரம் முடிச்சுருள் கிடந்தது. சீப்பில் வருகிற முடியல்ல. ஒவ்வொரு முடியின் நுனியிலும் வெள்ளையாக வேர் இருந்தது. சுசீலா அதைக் கையில் எடுத்துக்கொண்டு மகளிடம் போனாள்.

"இது என்னடி?"

சங்கவி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீயாப் புடுங்குனியா?"

"தெரியலம்மா."

"ஒன் தலை, ஒன் கை. தெரியலைங்கிற?"

உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. கணக்குப் போடும்போதோ, படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்க்கும்போதோ கை தானாகத் தலைக்குப் போய்விடும். ஒன்றைப் பிடித்து இழுத்தால் சுருக்கென்று ஒரு வலி, அதன் பின்னால் ஒரு நிம்மதி. பன்னிரண்டு வயதுப் பெண் இதை அம்மாவிடம் எந்த வார்த்தையில் சொல்ல முடியும்?

அப்பா பன்னீர்செல்வம் மலைக்குக் கீழே கப்பல் பழுதுபார்க்கும் டாக்கில் வெல்டர். தீவுகளுக்கு இடையில் ஓடுகிற கப்பல்களைக் கரையேற்றி, அடிப்பக்கத்தில் ஒட்டிக்கிடக்கிற சிப்பியையும் துருவையும் சுத்தியலால் கொத்தி எடுத்து, ஓட்டை விழுந்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்து, மேலே சிவப்புப் பெயிண்ட் அடிப்பார்கள். தகடு வைக்கிறதில் பன்னீர்செல்வத்தின் கைக்கு டாக்கில் மரியாதை உண்டு. பொங்கல் முடிந்த வாரத்தில் சாரம் சரிந்து கீழே விழுந்து, அந்தக் கைகளில் இடதுதான் முறிந்தது. கட்டுப் போட்டு வீட்டில் கிடந்த நாளில்தான் மனைவி அந்த முடிச்சுருளைக் கொண்டுவந்து காட்டினாள். அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"ஸ்கூல்ல யாருக்காச்சும் தெரியுமா?"

பிள்ளைக்கு என்ன கஷ்டம் என்று அவர் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியக்கூடாது என்பதையே இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வழி கண்டுபிடித்தது சுசீலாதான்.

"பங்குனி உத்திரத்துக்கு மொட்டையடிச்சுருவோம். புடுங்குறதுக்கு முடி இருந்தாத்தான?"

"இம்புட்டுப் பெரிய பொண்ணுக்கு மொட்டையா? ஏன்னு கேப்பாங்களே."

"வேண்டுதல்னு சொல்லுங்க. முருகனுக்குன்னா எவன் வாயத் தொறப்பான்?"

ஒருவரும் திறக்கவில்லை. அந்த ஊரில் பங்குனி உத்திரம் என்றால் தமிழர்கள் மட்டுமில்லை, பெங்காலி, தெலுங்கு, மலையாளி என்று எல்லாரும் காவடி பார்க்க வருவார்கள். அந்தக் கூட்டத்தில் மொட்டையும் சந்தனமுமாக நின்ற சங்கவியைப் பார்த்துப் பூ விற்கிற வேலாயி கேட்டாள்.

"அப்பா கைக்காகவா தாயி முடி குடுத்த?"

பன்னீர்செல்வத்துக்குக் கட்டுப் பிரித்த சமயம் அது. கை சூம்பிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தையில் இல்லை என்றிருக்கலாம். அவர் "ஆமாக்கா" என்றார்.

சொன்னபிறகு அது நன்றாக இருந்தது. டாக்கில் டீ குடிக்கும்போது அவரே ஆரம்பித்துச் சொன்னார். "நான் கீழ விழுந்தேன்ல, அன்னைக்கே என் பொண்ணு வேண்டிக்கிச்சுப்பா. அப்பா கை சரியாகணும், முடி குடுத்துர்றேன்னு." கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். இந்திக்காரக் கூட்டாளிகளுக்கு இந்தியில் ஒருமுறை சொன்னார். பத்துபஸ்தியில் கட்டட கான்ட்ராக்ட் எடுக்கிற மகேஷ்குமார்தான் விழாக் கமிட்டிச் செயலாளர். விஷயம் அவர் காதுக்கும் போய், விழாவின் கடைசி நாள் அன்னதானத்துக்கு முன்னால் சங்கவியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். தந்தைக்காக முடிகாணிக்கை செலுத்திய தங்கமகள் என்று மைக்கில் சொல்லி, பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை பிள்ளையை விட நீளம், தரையில் புரண்டது. எல்லாரும் கைதட்டினார்கள். பன்னீர்செல்வம் அழுதார். அது நிஜமான கண்ணீர்தான். அந்த நேரத்தில் அவருக்கே அது நடந்ததாகத் தோன்றிவிட்டது.

மழைக்காலம் தொடங்கிப் பள்ளிக்கூடம் திறந்தபோது சங்கவியின் தலையில் முடி அரை விரல் நீளம் வளர்ந்திருந்தது. அதில் ஒன்றுகூடக் குறையவில்லை. இடது புருவம்தான் பாதி காணாமல் போயிருந்தது.

சுசீலா கண்மையால் புருவம் வரைந்து அனுப்பினாள். மரைன் ஹில் மழைக்குக் கண்மை எந்த மூலைக்கு? காலைப் பிரார்த்தனையில் கன்னமெல்லாம் கறுப்பாக வழிந்து, வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. சுகாதார நிலையத்திலிருந்து பள்ளிக்கு வருகிற நர்ஸ் ஸ்வப்னாவிடம் சொல்லிவிட்டாள்.

ஸ்வப்னா பெங்காலி. தமிழும் இந்தியும் கலந்து பேசுவாள். வீட்டுக்கே வந்தாள்.

"பாபி, மேன்லேண்ட்ல பச்சோங் கா டாக்டர், குழந்தைங்க டாக்டர் இருக்காங்க. மன் கா டாக்டர். வீடியோவுல பேசும். நம்ம சென்டர்ல டேப் இருக்கு, ரூம் இருக்கு. நீங்க வந்தா போதும்."

"மனசு டாக்டருன்னா பைத்தியத்துக்குப் பாக்குறவுகதானே சிஸ்டர்?"

"பாகல் நஹீ பாபி. பச்சிக்கு, உங்க பொண்ணுக்கு, உள்ள டென்ஷன் இருக்கு. ஜுரம் வந்தா டாக்டர்ட்ட போறீங்க இல்ல, வைசே ஹீ, அதே மாதிரி."

"வெளிய தெரிஞ்சா நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் காச்சி நடக்க வேணாமா?"

"யாருக்கும் தெரியாது. எந்த பாஷா வேணும் சொல்லுங்க. இந்தி, இங்கிலீஷ், தமிழ், எல்லாம் இருக்கு."

"தமிழ்தான்" என்றாள் சுசீலா. அதில் அவளுக்கு யோசனையே தேவைப்படவில்லை. பரமக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவள் அவள். தீவு இந்தி அவளுக்கு மீன்காரனிடம் விலை கேட்கிற அளவுக்குத்தான் ஏறியது. மகளை ஊர்ப்பக்கம் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று, வீட்டுக்குள் இந்தி பேசக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தாள். சங்கவி விளையாடுவது, சண்டை போடுவது, தோழியிடம் ரகசியம் சொல்வது, கனவில் உளறுவது எல்லாம் இந்தியில்தான். வாசல்படி தாண்டி உள்ளே வந்தால் தமிழ். அந்தத் தமிழில் சாப்பாடு கேட்கலாம், திட்டு வாங்கலாம். அதற்குமேல் அவள் அதில் எதையும் சொல்லிப் பழகியதில்லை. இது வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

முதல்நாள் மூன்று பேரும் சுகாதார நிலையத்தில் டேப்பின் சின்னத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். தடுப்பூசி வைக்கிற குளிர்ப்பெட்டி பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தது. டாக்டர் பெயர் சித்ரா. கண்ணாடி போட்டிருந்தார். பின்னால் காகிதத்தில் செய்த பறவைகள் தொங்கின.

"வணக்கம் சங்கவி. ராத்திரி நல்லாத் தூங்கறியா?"

"நல்லாத் தூங்குவா டாக்டர்" என்றாள் சுசீலா.

"ஸ்கூல்ல யாரு உன் ஃப்ரெண்டு?"

"அவ யாரோடயும் சேர மாட்டா. தாம் படிப்பு உண்டு, தான் உண்டுன்னு இருப்பா."

"அம்மா, சங்கவியே சொல்லட்டும்."

சங்கவி தரையைப் பார்த்தாள். டாக்டர் காத்திருந்தார். சுசீலாவால் காத்திருக்க முடியவில்லை.

"டாக்டர், உங்களுக்குச் சொந்த ஊரு எது?"

"சென்னைம்மா. ஏன்?"

"இல்ல, எங்க பக்கத்து ஆளா இருந்துட்டா..."

"யாரா இருந்தாலும் இங்க பேசறது இங்கதான் இருக்கும். அடுத்த தடவை நானும் சங்கவியும் மட்டும் பேசறோம். சரியா?"

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சுசீலா புலம்பினாள். "பெத்தவள வெளிய போகச் சொல்றா. நம்ம தமிழச்சியா இருந்து என்ன பிரயோசனம்?"

அடுத்த தடவை நல்ல மழை. பன்னீர்செல்வம் டாக்கிலிருந்து வேலை உடுப்போடு நேராக வந்திருந்தார். வெல்டிங் பார்த்த கண் சிவந்து நீர் வடிந்தது. சுசீலா மருந்து கொடுக்கிற ஜன்னல் பக்கம் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். தள்ளி உட்காரச் சொல்லி ஸ்வப்னா அவருக்கும் கை காட்டினாள். அவர் இரண்டு எட்டு வைத்துவிட்டு, சாரல் அடிக்கிறது என்ற சாக்கில் அந்தக் கதவோரமே நின்றுவிட்டார். மழையில் ஊதிப்போய்ச் சாத்த முடியாமல் கீழ்ப்பக்கம் அறுத்துவிட்டிருந்த பிளைவுட் கதவு அது. உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்டது.

வெகுநேரம் டாக்டர் குரல்தான் கேட்டது. பிறகு, "உனக்குக் கோபம் வந்தா எந்த பாஷைல திட்டுவ?" என்று கேட்டார்.

"இந்தி" என்றாள் சங்கவி.

"தோ இந்தி மே போலோ. மேரி இந்தி பீ டீக் ஹே" என்று, இந்தியிலேயே பேசச் சொல்லி டாக்டர் சிரித்தார்.

பிறகு சங்கவி பேச ஆரம்பித்தாள். பன்னீர்செல்வம் தன் மகள் இவ்வளவு பேசிக் கேட்டதே இல்லை. கடகடவென்று, மூச்சு வாங்கிக்கொண்டு, டாக்கில் பையன்கள் பேசுகிற அதே தீவு இந்தியில் பேசினாள். அவள் சொன்னது தமிழில் இப்படி வரும்.

"நான் வேண்டிக்கவே இல்ல. அப்பா விழுந்தன்னைக்கு ஸ்கூல்ல வந்து சொன்னாங்க. எனக்கு அழுகையே வரல. சாமியும் கும்பிடல. முடி அதுக்கு முன்னாடியே பிடுங்கிட்டு இருந்தேன், ஏன்னு தெரியாது. ஆனா எல்லாரும் நான் வேண்டிக்கிட்டேன்னு சொல்றாங்க. அப்பாவும் சொல்றாரு. மேடைல துணி போர்த்தினாங்க. முருகனுக்குத் தெரியும் இல்லையா, நான் குடுக்கலைன்னு? பொய்ன்னு தெரிஞ்சா அப்பா கைய மறுபடி உடைச்சிடுவாரு. அதனால இப்ப நிஜமாவே குடுக்கறேன். புருவத்துலேர்ந்து ஒண்ணு ஒண்ணா. ஒவ்வொண்ணுக்கும் அப்பா கைன்னு சொல்லித்தான் எடுக்கறேன்."

வெட்கம் என்றால் என்னவென்று அதுவரை பன்னீர்செல்வம் தனக்குத் தெரிந்ததாக நினைத்திருந்தார். ஊரார் முன்னால் தலைகுனிவதுதான் வெட்கம் என்று நினைத்திருந்தார். யாருமே பார்க்காத இடத்தில், ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அவருக்கு மேலெல்லாம் கூசியது. அந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது.

உள்ளே டாக்டர், பிடுங்கத் தோன்றும்போது கைக்குள் வைத்து அழுத்த ஒரு மென்பந்து இருந்தால் நல்லது, சரியாக நாளாகும், ஆனால் சரியாகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பயத்தைப் பற்றி அடுத்த தடவையும் பேசலாம் என்றார்.

திரும்பும்போது சங்கவி குடையோடு முன்னால் நடந்தாள். ஏற்றத்தில் மழைத்தண்ணீர் எதிரே ஓடிவந்தது.

"கதவுகிட்டயே நின்னீகளே, என்ன சொன்னா? இந்தியில பேசுன மாதிரி இருந்துச்சு" என்று சுசீலா கேட்டாள்.

"அது ஒண்ணுமில்ல. எக்ஸாம் பயமாம்."

வாயில் தானாக வந்துவிட்டது. முன்னால் போன குடை ஒரு கணம் நின்றது. பிறகு நடந்தது. குடையைப் பிடிக்காத கை மெல்ல மேலே முகத்துக்குப் போவதைப் பின்னாலிருந்து அவர் பார்த்தார்.

அந்த வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சூரைமீன் குழம்பைக் கிண்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். டாக்கில் துருப்பிடித்த தகட்டைச் சரியாகக் கொத்தாமல் மேலே பெயிண்ட் அடித்த பையனை, என்றுமில்லாத கோபத்தில் கண்டபடி ஏசிவிட்டார். ஏசிவிட்டுத் தனக்கே சகிக்காமல் கழுவுகிற குழாயடிக்குப் போய் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகேஷ்குமார் வந்தார். பிளாஸ்டிக் கோட்டைக் கழற்றி வாசலில் மாட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். சுசீலா வாழைக்காய் பஜ்ஜி போட்டு டீ கொடுத்தாள்.

"அண்ணே, ஆடிக் கிருத்திகைக்குப் பால்குடம் எடுக்குறோம். நம்ம சங்கவிதான் முன்னாடி வரணும்னு கமிட்டியில ஒரே பேச்சு. அண்ணி, புள்ளைக்கு ஒரு மஞ்சப் பாவாட எடுத்துருங்க."

சுசீலா கணவனைப் பார்த்தாள். சங்கவி உள்ளறை வாசலில் பாதி உடம்பு தெரிய நின்றாள்.

"அவளுக்கு உடம்பு சரியில்ல தம்பி" என்றார் பன்னீர்செல்வம்.

"இன்னும் நாள் இருக்குல்ல. செத்த நேரம் மைக்கில பேசுனாக்கூடப் போதும். எப்படி வேண்டிக்கிட்டேன், அப்பாவுக்கு எப்படிச் சரியாச்சுன்னு. மத்த புள்ளைகளுக்கும் பக்தி வரும்ல."

பன்னீர்செல்வம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவ வேண்டிக்கல."

"என்னண்ணே?"

"வேண்டிக்கலப்பா. அவளுக்கு முடி புடுங்குற ஒரு சீக்கு இருக்கு. வெளிய தெரியக் கூடாதுன்னு நாங்கதான் மொட்டையடிச்சோம். கைக்காக வேண்டிக்கிச்சுன்னு சொன்னது நான். கோயில்ல சொன்னேன், டாக்குல சொன்னேன், உன் காதுக்கும் வந்துச்சு. எல்லாம் பொய். புள்ள ஒரு வார்த்த பொய் சொல்லல."

"ஏங்க" என்றாள் சுசீலா.

மகேஷ்குமாருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தார்.

"சரிண்ணே, விடுங்க. வீட்டுக்கு வீடு இருக்கறதுதான். நான் யார்ட்டயும் மூச்சு விடல. உடம்பு சரியில்லன்னே கமிட்டியில சொல்லிர்றேன்."

"அப்படிச் சொல்லாத. நடந்ததச் சொல்லு. பன்னீர்செல்வம் பொய் சொல்லிட்டான்னு சொல்லு. அந்தப் பொன்னாடைய எடுத்துட்டு வா சுசீலா."

சுசீலா அசையவில்லை. அவரே எழுந்து போய் பீரோவைத் திறந்து எடுத்துவந்தார். சுசீலா அதை மடித்துக் கவரில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தாள். வாங்கிக்கொள்ளலாமா கூடாதா என்று மகேஷ்குமார் கையைப் பாதி நீட்டியபடி நின்றார். கடைசியில் வாங்கி, நனையாமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனார். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்து மறைந்தது.

"எங்கிட்ட எக்ஸாம் பயம்னீக" என்றாள் சுசீலா.

"அதுவும் பொய்தான்."

"ஊரு பூராவும் இனி என்ன பேசும்? எப்படி நான் கோயிலுக்குப் போவேன்?"

"நானும்தான் போகணும்."

அவள் அடுப்படிக்குள் போனாள். எண்ணெய்ச் சட்டியை இறக்கும் சத்தமும், அதன் பின்னால் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டன. பன்னீர்செல்வம் நாற்காலியில் உட்கார்ந்தார். சங்கவி பக்கத்தில் வந்து நின்றாள். கேட்கலாமா என்று உதடு இரண்டு முறை அசைந்தது. பிறகு அந்த வீட்டுக்குள் பேசக்கூடாத இந்தியில் கேட்டாள், இப்போது கை உடைந்துவிடுமா என்று.

அவரும் இந்தியிலேயே பதில் சொன்னார். "நஹீ டூட்டேகா. உடையாது, நீயே பாரு."

இடது கையை நீட்டினார். முறிந்து சேர்ந்த இடத்தில் எலும்பு சற்றுப் புடைத்திருக்கும். அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்து மெதுவாக அழுத்திப் பார்த்தாள். பிறகு பலமாக அழுத்தினாள். வலித்தது. அவர் கையை இழுக்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் புறப்படும்போதும் வந்து அழுத்திப் பார்த்தாள். அதற்கு மறுநாளும் பார்த்தாள். டாக்கில் விஷயம் பரவிவிட்டிருந்தது. டீக்கடையில் ஒருவன், "என்ன பன்னீர், அடுத்து யாருக்கு மொட்டை?" என்றான். சிரித்தார்கள். அவர் டீயைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார். கோயிலில் வேலாயி சுசீலாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பூக்கட்டினாளாம். சுசீலா அதை வீட்டில் வந்து சொல்லி அழுதாள். ஆனால் சுகாதார நிலையத்துக்குப் போகிற நாள் வந்ததும், "கிளம்புடி, டாக்டரு காத்துக்கிட்டு இருப்பாக" என்று அவள்தான் முதலில் செருப்பை மாட்டினாள். புருவத்துக்கு மை வைக்கவில்லை. புருவம் முழுசாக வளரவில்லை, குறையவும் இல்லை.

அன்றும் மழை. ஸ்வப்னா டேப்பைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். சங்கவி உள்ளே போனவள், திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இன்னைக்குத் தூரமாப் போய் உக்காருங்க."

"சரிம்மா. அங்கிட்டு பெஞ்சுல..."

"போன தடவை கதவுக்குக் கீழ உங்க பூட்ஸ் தெரிஞ்சுச்சு. செவப்புப் பெயிண்ட் ஒட்டுன பூட்ஸ்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பன்னீர்செல்வம் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். அப்படியென்றால் அவர் நிற்பது தெரிந்தேதான் அவள் அவ்வளவையும் பேசியிருக்கிறாள். டாக்டரிடம் மட்டும் சொல்லவில்லை, கதவுக்கு வெளியே நின்ற அப்பாவிடமும் சொல்லியிருக்கிறாள். அப்பா கேட்டுக்கொண்டார், இனி எல்லாம் சரியாகும் என்று நம்பித்தான் வெளியே வந்திருப்பாள். வந்த பிறகுதான், அந்த ஏற்றத்தில், எக்ஸாம் பயமாம் என்று அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறாள்.

பெஞ்சில் சுசீலா அவருக்கு இடம் விட்டு நகர்ந்தாள். அவர் அங்கே நிற்காமல் படியிறங்கி, முற்றத்தைத் தாண்டி, ஆம்புலன்ஸ் நிறுத்துகிற தகரக் கொட்டகைக்குப் போய் நின்றார். அங்கிருந்து அந்தக் கதவு தெரியும், எதுவும் கேட்காது. தகரத்தின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் உள்ளே பேசி முடிக்கிறவரை அவர் அங்கேயே நின்றார்.